பூஜையறைச் சாவி

நான்காவது தடவையாகப் பைகளைத் தடவிப் பார்த்தாயிற்று. இடது பையில் கைக்குட்டை, வலது பையில் போடியிலிருந்து தேனிக்கு வந்த பஸ் டிக்கெட், சட்டைப்பையில் பேனாவும் மூக்குக்கண்ணாடியும், இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு பீரோ சாவி. பீரோ சாவி இருந்து என்ன புண்ணியம், பீரோவுக்குள் இன்றைக்கு என் வேட்டிகளும் செல்லத்தாயின் இரண்டு பட்டுச்சேலைகளும்தான் இருக்கின்றன. துப்பாக்கி பூஜையறையில் இருக்கிறது. பூஜையறைச் சாவி என்னிடம் இல்லை. நான் கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கும் அறைக்கு வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் என் மகன் அருண்பாண்டி தனியாக இருக்கிறான். இவற்றை ஒவ்வொன்றாக நினைத்தால் ஒன்றுமில்லை, சேர்த்து நினைத்தால்தான் கை மறுபடி பைக்குப் போகிறது. சேர்த்து நினைக்காதே காசிமாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பூட்டியிருப்பாய், இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் பூட்டியவன், பதினோரு வருஷமாக வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவன், உனக்கா பூட்ட மறக்கும். மறக்காது. ஆனால் பூட்டியவன் சாவியை எங்கே வைப்பான்? பையில் வைப்பான். பையில் இல்லை. மணி பதினொன்று பத்து.

பட்டாளத்தில் சேர்ந்த முதல் மாதமே சொல்லித் தருகிற பாடம் இது. துப்பாக்கிகள் இருக்கும் அறைக்கு கோத் என்று பேர், தோட்டாக்கள் இருக்கும் அறை வேறு, இரண்டுக்கும் நடுவில் ஒரு பரேடு மைதானம். கோத் சாவி ஒரு ஆளிடம், தோட்டா அறைச் சாவி இன்னொரு ஆளிடம். இரண்டு சாவியும் ஒரே உடம்பில் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது என்பார் எங்கள் சுபேதார், அந்த மனுஷன் சொன்ன மற்றதெல்லாம் மறந்துவிட்டது, இது மட்டும் ஒட்டிக்கொண்டது. ரிட்டையராகி ஊருக்கு வந்து இந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை வாங்கிய அன்றே வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். துப்பாக்கி பீரோவில், சாவி என் இடுப்பில். தோட்டாக்கள் கட்டிலுக்கு அடியில், என் பேரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய தகர டிரங்குப் பெட்டியில், அதன் சாவி செல்லத்தாயின் தாலிக்கயிற்றில் ஊக்கோடு ஊக்காக. வேலைக்குக் கிளம்பும்போது அவள் குனிந்து பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுப்பாள், சாயங்காலம் எண்ணி வாங்குவாள். "எம்புட்டு?" "பத்து." "சரி, குடுங்க." எங்களுக்குள் ஒரு நாள் தவறாமல் நடக்கிற பேச்சு இது ஒன்றுதான். எதிர்வீட்டு மாவுமில் சுருளி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான், மாயண்ணே வீட்டுல திருடன் புகுந்தா அண்ணன் சாவி தேடி முடிக்கிறதுக்குள்ள அவன் காப்பி குடிச்சிட்டுப் போயிருவான் என்று. சிரிக்கட்டும். பூட்டு வெளியாளுக்காக என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான், அதுவும் இந்த ஒரு மணி நேரமாகத்தான், பூட்டு யாருக்காக என்று வேறு மாதிரி தோன்றுகிறது.

வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. ஆயுத பூஜைக்குச் சுருளி மில்லுக்கு மாலை போடுவான், ஆட்டோக்காரன் ஆட்டோவுக்குப் போடுவான், எனக்குச் சோறு போடுவது இது, நான் இதற்குப் போட வேண்டாமா. துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் விட்டு வாழையிலையில் படுக்கவைத்து, பக்கத்திலேயே தாம்பாளத்தில் பொரிக்கு நடுவே தோட்டாக்களை நிறுத்தி, லைசென்ஸ் புத்தகத்தையும் வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். படைத்ததை விஜயதசமி பூஜை முடிகிறவரை தொடக் கூடாது. இந்த வருஷம் புதன்கிழமை படைத்தோம், நேற்று வியாழக்கிழமை சாயங்காலம் எடுத்திருக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து என் தங்கச்சி குடும்பத்தோடு வந்து இறங்கினாள், அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது இருட்டிவிட்டது. செல்லத்தாய் குறுக்கே நின்றாள். "விளக்கு வச்ச பெறகு எடுக்க வேணாங்க. விடிஞ்சா வெள்ளிக்கிழம, சாமி ரூமுல இருந்து சாமான வெளிய கொண்டாரக் கூடாது. சனிக்கிழம காலையில எடுத்துக்கங்க, ஒரு நாள்தான." ஒரு நாள்தானே என்று நானும் தலையை ஆட்டினேன். சாமி விஷயத்தில் அவள் பேச்சை நான் தட்டுவதில்லை, தட்டியிருக்கலாம். பூஜையறைக்குப் போட்டிருக்கும் பூட்டு ஒரு பொம்மைப் பூட்டு, எலி வராமல் இருப்பதற்குப் போட்டது, அதற்கு ஒரே சாவி. பரேடு மைதானம் எங்கே, இரண்டு ஆள் எங்கே. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நடுவில் இப்போது இருப்பது ஒரு சீப்பு வாழைப்பழம்.

காலையில் என்ன செய்தேன், வரிசையாக நினைத்துப் பார். ஏழரைக்குச் செல்லத்தாய் ஏலக்காய் ஆயும் வேலைக்குப் போனாள். எட்டேகாலுக்குக் குளித்துவிட்டு வந்தேன். லைசென்ஸ் புத்தகம் பூஜையறையில் இருந்தது, அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அது கவர்மெண்டு காகிதம், சாமி கோவிச்சுக்காது என்று செல்லத்தாயே விதிவிலக்கு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பூட்டைத் திறந்தேன். சாமி கும்பிட்டேன். புத்தகத்தை எடுத்தேன். அப்போது வாசலில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. அதற்குப் பிறகு நான் ஆட்டோவுக்குள் இருக்கிறேன், மடியில் புத்தகம், விரலில் சந்தனம். நடுவில் ஒரு துண்டு காணவில்லை. கதவைச் சாத்தினேனா, சாத்தினேன், சாத்திய சத்தம் காதில் இருக்கிறது, அது இன்றைய சத்தமா நேற்றைய சத்தமா. பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேனா, எப்போதும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவன். சாவி பூட்டிலேயே தொங்குகிறது. இல்லை, பூட்டே நாதாங்கியில் தொங்குகிறது, வாயைத் திறந்துகொண்டு. எதை நினைத்தாலும் அதுதான் நடந்த மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது.

"காசிமாயன் யாருங்க?" பச்சைச் சேலை கட்டிய கிளார்க் அம்மா வாசலுக்கு வந்து நின்றார். கையில் என் புத்தகம். "என்ன பெரியவரே, போட்டோ மேலயே சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்க, மூஞ்சியே தெரியல." "பூஜையில வச்சதும்மா." "பூஜையில எல்லாரும்தான் வைக்கிறோம், சீல் மேலயா வைப்பாங்க?" முந்தானை நுனியால் அவரே துடைத்தார். துப்பாக்கியைப் போன வாரமே ஸ்டேஷனில் காட்டிக் கையெழுத்து வாங்கியாயிற்று, இன்றைக்கு இந்தப் புத்தகமும் ஒரு உறுதிமொழியும்தான் பாக்கி. அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். "படிச்சுப் பாத்துட்டு வைங்க. சார் மீட்டிங்ல இருந்து வந்ததும் அவர் முன்னாடிதான் கையெழுத்துப் போடணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். 'மேற்படி துப்பாக்கியும் தோட்டாக்களும் என் வீட்டில் தனித்தனி இடங்களில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன என்றும், சாவிகள் பிறர் கைக்கு எட்டாதவாறு என் பொறுப்பில் உள்ளன என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி தாளில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் நான். இந்த ஜில்லாவிலேயே இதை உண்மையாகச் சொல்லக்கூடியவன் நான் ஒருத்தன்தான் என்ற கர்வம் அப்போது எனக்கு இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். ராயப்பன் என்று பேர், குரங்கணி மேலே ஏலத்தோட்டம், பன்றிக்காகத் துப்பாக்கி வைத்திருக்கிறார். வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. "இதப் போயி எழுத்தெண்ணிப் படிக்கிறீங்களேண்ணே. எனக்குக் கட்டுலுக்கு அடியிலதான் கெடக்கு, ரெண்டு குழல்லயும் போட்டபடியே. பன்னி வந்து நிக்கும்போது சாவி எங்க, பூட்டு எங்கன்னா தேட முடியும்?" "வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டேன். "நானும் வீட்டுக்காரியும்தான். அவளுக்குக் கரப்பான் பூச்சின்னாலே பயம், அத எங்க தொடப்போறா." மறுபடி சிரித்தார். எனக்கு அவரை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. அவர்மேல் என்ன கோபம், அவருடைய கட்டிலும் என்னுடைய பூஜையறையும் இன்றைக்கு ஒன்றுதான். மணி பதினொன்று இருபத்தைந்து. செல்லத்தாய்க்கு மூன்று தடவை போன் அடித்தாயிற்று, எடுக்கவில்லை, எடுக்க மாட்டாள், ஏலக்காய்க் கடையில் உள்ளே போகும்போதே பெண்களின் போனையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள், ஒரு மணிச் சாப்பாட்டுக்குத்தான் கைக்கு வரும். அந்த அட்டைப்பெட்டிக்குள் முப்பது போனுக்கு நடுவில் அவள் போன் நடுங்கிக்கொண்டிருக்கும்.

பாண்டிக்கு அடிக்கலாம். அடிக்க வேண்டியது அவனுக்குத்தான், அது எனக்குத் தெரியாமலா இருக்கிறது. இரண்டு வருஷமாக நான் அவனுக்குப் போன் செய்ததில்லை, அவனும் எனக்குச் செய்ததில்லை, எல்லாம் அவன் அம்மா வழியாகத்தான். அவன் கூப்பிட்டால் அவள் போனில் கூப்பிடுவான், நான் கேட்க நினைப்பதை அவள் கேட்பாள். எஸ்.ஐ. பரீட்சை மூன்று தடவை எழுதினான். மூன்றாவது தடவை எழுத்தில் பாஸாகி, மார்பளவில் பாஸாகி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் நாலு செகண்டு பிந்திவிட்டான். அதோடு வயசும் தாண்டிவிட்டது. அவனை ஒரு வருஷம் காலையில் எழுப்பி ஓடவிட்டவன் நான், விசில் ஊதியவன் நான். அன்றைக்கு மைதானத்து வாசலில், அவன் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது, "நாலு செகண்டுதானடா, அதுக்கு ஒரு நாய்கூட ஓடிரும்டா" என்றேன். கூட நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பிறகு பார்க்கவே இல்லை. கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் இருந்தான், போன மாதம் அதையும் விட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டான். பகலெல்லாம் தூக்கம், சாப்பிட்ட தட்டில் பாதி அப்படியே இருக்கும். ரெஸ்ட் எடுக்கட்டும், தானாகச் சரியாகும் என்று நானே செல்லத்தாயிடம் சொன்னேன். ஓடுகிற ஷூவைக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டானாம், நல்ல ஷூ, நான் மதுரையில் வாங்கியது. அடுத்தவனுக்காவது உதவட்டும் என்று அதையும் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை அவனே எழுந்து குளித்து, பூஜைக்கு வந்து உட்கார்ந்தான். எனக்கு அத்தனை சந்தோஷம். சந்தனக் கிண்ணத்தை வாங்கி, துப்பாக்கிக் கட்டையில் மூன்று விரலால் அழகாகப் பட்டை போட்டான். தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொரியில் நிறுத்தினான். நிறுத்திக்கொண்டே கேட்டான், "அப்பா, ரொம்ப நாளு வச்சிருந்தா இது கெட்டுப்போகுமா?" இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி. நான் என்ன செய்தேன். வாயெல்லாம் பல்லாகப் பத்து நிமிஷம் விளக்கம் சொன்னேன். மகன் அப்பனிடம் பேசிவிட்டான் என்ற பூரிப்பில், அவன் என்ன கேட்டான் என்பது என் மண்டையில் ஏறவில்லை, இப்போது ஏறுகிறது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். நேற்று தங்கச்சி குடும்பம் வந்தபோது எல்லோரோடும் சிரித்துப் பேசினான், அத்தை காலைத் தொட்டுக் கும்பிட்டான், பாண்டி தெளிஞ்சிட்டான் மச்சான் என்று தங்கச்சி வீட்டுக்காரர்கூடச் சொன்னார். தெளிந்ததா அது. பட்டாளத்தில் எங்கள் கம்பெனியில் ஒருத்தன் இப்படித்தான் ஒரு நாள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான், மறுநாள் காலைப் பரேடில் அவன் இல்லை. வேண்டாம், அதை நினைக்காதே, அவன் வேறு, இவன் வேறு, இவன் என் பிள்ளை. அவனும் யாருக்கோ பிள்ளைதான்.

போன் செய்து என்ன கேட்பது, அங்கேதான் சிக்கிக்கொள்கிறேன். பூஜையறை பூட்டியிருக்கிறதா பார் என்று கேட்டால், பூட்டாமல் இருக்கலாம் என்று நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். ஒருவேளை அவன் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருப்பான், அந்த நினைப்பே அவனுக்கு இருக்காது, நான் போன் செய்து எழுப்பி, தம்பி அந்த அறை திறந்து கிடக்கிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விடுகிற மாதிரி ஆகிவிடும். கேட்காமல் இருந்தால், அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்? சும்மா சாப்பிட்டாயா என்று கேட்கலாம், இரண்டு வருஷம் கேட்காதவன் இன்றைக்குக் கேட்டால் அவனுக்குப் புரியாதா. சுருளியைப் போய்ப் பார்க்கச் சொல்லலாம், எதிர்வீடுதான், பத்து எட்டு. ஆனால் சுருளியின் வாய், பொழுது சாய்வதற்குள் காசிமாயன் மகன் இப்படியாம் என்று மாவு வாங்க வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், பெண் கொடுக்க எவன் வருவான். இதைத்தான் நான் இப்போது யோசிக்கிறேன், பெண் கொடுப்பதை. எனக்கே என்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

"காசிமாயன், உள்ள வாங்க."

தாசில்தார் தலையை நிமிர்த்தாமலே புத்தகத்தைப் புரட்டினார். "பேங்க் செக்யூரிட்டியா?" "ஆமாங்கய்யா." "துப்பாக்கி வீட்ல எங்க இருக்கு?" "பீரோவுலங்கய்யா." "தோட்டா?" "டிரங்குப் பெட்டியிலங்கய்யா, தனியா." "சாவி?" "ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு சம்சாரத்துக்கிட்டங்கய்யா." பதினோரு வருஷமாகச் சொன்ன பதில், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "எக்ஸ் ஆர்மின்னா இப்படித்தான் இருக்கணும்" என்று கிளார்க் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "கையெழுத்துப் போடுங்க." பேனாவைத் திறந்தேன். 'கா' போட்டேன். அடுத்த எழுத்துக்குக் கை நகரவில்லை. நெற்றி வியர்வை தாளில் விழுந்து, உறுதி என்ற வார்த்தை ஊறியது. இந்தத் தாள் இல்லாவிட்டால் லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லாவிட்டால் வங்கி வேலை இல்லை, எல்லாம் சரி, எல்லாம் தெரியும். "என்ன பெரியவரே?" "இது பொய்ங்கய்யா" என்றேன். "ரெண்டும் ஒரே ரூமுல கெடக்கு. சாவி எங்கன்னு எனக்குத் தெரியல. வீட்டுல என் மகன் தனியா இருக்கான், அவனுக்கு மனசு சரியில்ல." யாரிடமும் சொல்லாததை, பேர் தெரியாத ஒரு ஆபீசரிடம் சொல்லிவிட்டேன். அவர் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "ஏன்யா இன்னும் இங்க நிக்கிற? போ. முதல்ல அவனுக்குப் போனப் போடு" என்றார்.

படியில் இறங்கிக்கொண்டே அடித்தேன். ஒரு தடவை மணி அடித்தது. இரண்டு. மூன்று. நாலாவது மணிக்கு எடுத்தான். மூச்சு மட்டும் கேட்டது.

"பாண்டி."

"அப்பா."

"சாமி ரூம் சாவி..."

"என் கையிலதான்ப்பா இருக்கு." என்றான். "பூட்டுலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. காலையில இருந்து கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"தொறந்தியா?"

"இல்ல." பிறகு, "எப்பப்பா வருவீங்க?"

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "கெளம்பிட்டேன்டா, கெளம்பிட்டேன். போன வைக்காத. சாவியோட எந்திரி. செருப்பெல்லாம் தேடாத, அப்படியே வாசலுக்கு வா. எதுத்தாப்புல சுருளி மில்லுக்குப் போ. நடக்கிறியா?" "ம்." கதவு கிறீச்சிட்டது. தெருவில் ஒரு பைக் போனது. மில் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக் காதை அடைத்தது. அந்த இரைச்சலைப் பதினோரு வருஷமாகத் திட்டித் தீர்த்தவன் நான், இன்றைக்கு இன்னும் சத்தமாக வராதா என்றிருந்தது. "சுருளிகிட்ட அந்தச் சாவியக் குடு. போனயும் குடு."

"மாயண்ணே, என்னண்ணே சாவியக் கொண்டாந்து குடுக்கிறான், ஒரே வேர்வையா இருக்கான்?"

"சுருளி, சாவிய உன் மடியில வச்சுக்க, யாருக்கும் குடுக்காத. அவன விட்டு ஒரு அடி நகராத. நான் வர்ற வரைக்கும் பக்கத்துலயே இரு. அவன் நல்லா இல்ல சுருளி. நான் கவனிக்காம விட்டுட்டேன்."

அடுத்த நொடி மில் இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது. பெல்ட்டு ஓய்கிற சத்தமும் அடங்கிவிட்டது. கரண்டு போனால் தவிர, பட்டப்பகலில் அவன் மில்லை நிறுத்தி நான் பார்த்ததில்லை. "உக்காருடா பாண்டி, இந்தா தண்ணி" என்று அவன் சொல்வது கேட்டது. பிறகு போன் மறுபடி பாண்டி கைக்கு வந்தது.

வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி, போடி, நேரா போடி என்றேன். டிரைவர் ஏதோ கேட்டான், தலையை ஆட்டினேன். பாண்டியிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை, பேசாமல் இருக்கவும் பயம். "அந்த நாலு செகண்டு" என்று ஆரம்பித்தேன். "நான் அன்னைக்குச் சொன்னது தப்புடா. பெரிய தப்பு. சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்." அழுகிறானா என்று போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். அழுதுகொண்டிருந்தது நான்தான், டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். "வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவோம், ரெண்டு பேரும் போவோம். அந்தத் துப்பாக்கி இன்னைக்கே ஸ்டேஷனுக்குப் போயிரும். எனக்குப் பயமா இருக்குடா பாண்டி."

"எனக்கும்தான்ப்பா" என்றான். "நீங்க பேசிக்கிட்டே வாங்க."